உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும்

உண்ணிக்கு அரபு மொழியில் 'குராத்' என்று பெயர். தொலைவில் வரும் ஒட்டகத்தின் காலடியோசையை அது கேட்டுவிடும் என்று நம்பிய அரபியர், கூர்ந்த செவிக்கு அதனையே உவமையாக்கினர். ஹிஜ்ரி 808இல் மறைந்த அத்தமீரி அவர்கள் தமது 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் விலங்கியற் பெருநூலில் அதற்குத் தனித் தலைப்பே வழங்கியுள்ளார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் ஹஜ்ஜைப் பற்றிய பகுதியில் ஒரு செய்தி வருகிறது. உமர் (ரலி) அவர்கள் இஹ்ராம் உடையிலிருந்தபோது ஸுக்யா என்னுமிடத்தில் தம் ஒட்டகத்தின் உண்ணிகளை அகற்றினார்களாம். இமாமவர்கள் அச்செயலை விரும்பவில்லை. இவ்விவாதமெல்லாம் இஹ்ராமின் கண்ணியம் பற்றியது; நோயைப் பற்றியதன்று.

நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டாலும், 'இதை நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர்' என்பர். ஸ்பெயினின் இப்னு ஸுஹ்ர் (இறப்பு கி.பி. 1162) சொறியுள்ள தோலுக்கடியில் வாழும் நுண்ணிய உயிரியை எழுதிவைத்தார் என்பது உண்மையே. அது அவருடைய பெருமை. ஆயினும் உண்ணி மனிதனுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும் என்ற அறிவு மிகப் பிந்தியது. அமெரிக்காவில் மாட்டுக் காய்ச்சலை உண்ணி பரப்புவதைத் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல்தான் மெய்ப்பித்தனர். 1917இல் குமாவோன் மலைப்பகுதியில் உண்ணிக் கடிக்கு ஆளாகிக் காய்ச்சலுற்ற மருத்துவர் மெகா, தம் உடலிலேயே கண்டதை 1921இல் வெளியிட்டார். இந்தியாவில் உண்ணியால் வரும் டைபஸ் காய்ச்சலைப் பற்றிய பேச்சு அங்கே தொடங்கிற்று.

இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி வேறு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிய ஆட்டை வீட்டில் கட்டுகிறார்கள். பிள்ளைகள் அதைத் தடவி விளையாடுகிறார்கள். ஒருநாள் பிள்ளையின் காதோரத்தில் உண்ணி கடித்திருப்பது தெரிகிறது. அயல்நாட்டில் பணிபுரியும் உறவினர் தொலைபேசியில், 'லைம் நோயாக இருக்குமோ, பாருங்கள்' என்கிறார். அன்றிரவு தாய்க்கு உறக்கமில்லை.

லைம் என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஊர்ப்பெயர். அவ்வூரிலும் அண்டை ஊர்களிலும் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்குவதைக் கண்ட பாலி மர்ரி என்னும் தாய் ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார். மருத்துவர் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1975இல் அவரும் வேறொரு தாயும் அதிகாரிகளிடம் முறையிட்ட பின்னரே, யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் ஆய்வைத் தொடங்கினார். 1977இல் வெளியான அவ்வாய்வில் கணக்கிடப்பட்ட 51 பேரில் 39 பேர் பிள்ளைகள். நோய்க்குக் காரணமான சுருள் நுண்ணுயிரை வில்லி பர்க்டார்ஃபர் கண்டறிந்ததும், 1984இல் அது அவர் பெயரால் அழைக்கப்பட்டதும் பிந்திய வரலாறு. தாய்மார் எழுதிய குறிப்பேடு ஒரு நோயையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அந்நோயைப் பரப்பும் உண்ணியினம் குளிர்ந்த காடுகளுக்குரியது. நம் ஆட்டிலும் நாயிலும் ஒட்டுபவை வேறினங்கள். ஆகவே திண்டிவனத்துப் பிள்ளைக்கு முதலில் அஞ்ச வேண்டியது லைம் அன்று. நம் பகுதியில் 'உண்ணிக் காய்ச்சல்' என்றே வழங்கும் வேறொரு நோய் இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். தமிழ்ப்பெயர் சற்றே தடுமாறச் செய்கிறது. அதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியும் உண்ணியன்று; புதரிலும் புல்லிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு. அது கடிப்பதை எவரும் அறிவதில்லை. எனவே உண்ணியைக் காணாத வீட்டிலும் உண்ணிக் காய்ச்சல் வரும்.

இந்நோயின் வரலாற்றில் தமிழருக்கும் ஓரிடம் உண்டு. 1920களில் கோலாலம்பூரில் ஃபிளெச்சர், லெஸ்லர் முதலிய மருத்துவர்கள் நகரத்து டைபஸ் ஒன்று, புதர்க்காட்டு டைபஸ் வேறு எனப் பிரித்தறிந்தனர். அந்நாளைய மலாயாத் தோட்டங்களில் உழைத்தவருள் நம் தென்னார்க்காட்டாரும் தஞ்சையாரும் எத்தனை பேர்! இரண்டாம் உலகப்போரில் பர்மா, அஸ்ஸாம் முனைகளில் படைவீரர் பலர் இதற்கு இரையாயினர். 1948இல் ஸ்மாடெல் குழுவினர் மீண்டும் கோலாலம்பூரிலேயே குளோராம்பெனிகால் மருந்து இதனைத் தீர்ப்பதைக் காட்டினர்.

அதன்பின் தமிழகத்தில் இந்நோய் ஏறக்குறைய மறக்கப்பட்டது. 2001 அக்டோபர் முதல் 2002 பெப்ரவரி வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காரணம் புரியாக் காய்ச்சலோடு வந்தவரை ஆராய்ந்தபோது அது மீண்டும் வெளிப்பட்டது. 2025இல் வெளியான அக்கல்லூரியின் மற்றோர் ஆய்வு தமிழகத்தின் 37 கிராமங்களில் முப்பத்திரண்டாயிரம் பேரைப் பின்தொடர்ந்தது. காய்ச்சல்களில் ஒரு பகுதி இந்நோயே எனக் கண்டது. மழை ஓய்ந்து பனி விழும் மாதங்கள் இதற்கு உகந்தவை. செஞ்சிக் குன்றுகளின் அடிவாரப் புதரையும், கொல்லைமேட்டுப் புல்லையும், சவுக்குத் தோப்பையும் அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரிய பொருக்கு ஒன்று பலருக்கு உண்டாகும். அது வலிப்பதில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, அரைஞாண் கயிற்றின் கீழ், காதின் பின்புறம் என மறைவிடங்களிலேயே பெரிதும் இருக்கும். இங்குதான் நம் குடும்பங்களில் தடை ஏற்படுகிறது. வளர்ந்த பெண்பிள்ளை காட்ட நாணுகிறாள். தாய் கேட்கத் தயங்குகிறாள். மருத்துவர் முகத்தை மட்டும் பார்த்து மாத்திரை தருகிறார். பத்து நாள் கழிந்தபின் நுரையீரலும் மூளையும் தாக்குண்ட நிலையில் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ ஓட நேர்ந்தால், மிக எளிய மருந்தால் தீரவேண்டிய நோய் உயிரோடு விளையாடுகிறது. டாக்சிசைக்ளினும் அஸித்ரோமைசினும் இதற்குரிய மருந்துகள். நோய் முற்றியவர்க்கு இரண்டையும் சேர்த்துச் செலுத்துவது மேல் என்பதை 2023இல் வெளியான இந்திய ஆய்வு காட்டிற்று.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவத் தேவைக்காக மறைவிடத்தைத் தேவையின் அளவுக்குக் காட்டலாம் என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாகச் சொல்லப்பட்ட சட்டம். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரை நாடுவது முறை. கிடைக்காவிடில் பிள்ளையைக் காய்ச்சலோடு காத்திருக்க வைக்கும்படி எந்த இமாமும் கூறவில்லை. ஓதி ஊதுவதையும் நாம் தடுக்கவில்லை. ஓதிவிட்டு மருத்துவரிடம் செல்லலாம். தாயே குளிப்பாட்டும்போது பிள்ளையின் உடலை ஒருமுறை முழுதும் பார்த்துவிட்டால், மருத்துவரிடம் சொல்லச் செய்தியும் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியும் உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஊதுவத்தியால் சுடுவதும் கூடா. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுத்து எடுத்துச் சோப்பு நீரால் கழுவவேண்டும். கடித்த நாளைக் குறித்துவைத்து, அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல் வந்தால் அக்குறிப்பையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லவேண்டும்.