பசி இருந்தும் பசியின்மை

கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரில் பசிக்குப் பெயர் ஒன்றல்ல. தமிழ் பேசும் வீட்டில் பசி, தெலுங்கு வீட்டில் ஆகலி, கன்னட வீட்டில் ஹசிவு, உருது வீட்டில் பூக். இவற்றுள் ஹசிவு வேறு யாருமல்ல, நம் பசிதான். பால் ஹாலு ஆனதும் பல் ஹல்லு ஆனதும் எந்த வழியிலோ, அதே வழியில் பசியும் கன்னடத்தில் ஹகரம் ஏறியது.

பசி எடுக்காததற்கும் இந்த வட்டாரத்தில் சொல் பஞ்சம் இல்லை. வயிறு மந்தம் என்பார்கள். அருசி என்பார்கள். சித்த மருத்துவ ஏட்டில் இதற்கு அரோசகம் என்று பெயர். ருசியும் ரோசகமும் ஒரே வடமொழி வேரில் பிறந்தவை. முன்னால் வந்து நின்ற 'அ' ருசியைப் பறித்துக்கொண்டது. தின்றது உள்ளே தங்கிவிட்டது என்று தோன்றினால் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவார்கள். மந்தம், அருசி, தொக்கம் என்ற மூன்றும் குற்றத்தை வயிற்றின் மீதோ நாக்கின் மீதோதான் சுமத்துகின்றன. வளரும் வயதுப் பெண்ணோ பையனோ தட்டை ஒதுக்கி, மாதக்கணக்கில் மெலிந்து, மெலிந்ததே போதவில்லை என்று அஞ்சும் நோய்க்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. அதற்கு மருத்துவர் எழுதும் பெயர் அனோரெக்ஸியா நெர்வோசா. தமிழில் அதைப் பசியின்மை நோய் என்று எழுதிவருகிறோம். இந்தப் பெயர் வந்த வழியைப் பார்த்தால், இது எங்கே பிசகியது என்று தெரியும்.

நோய் பெயரைவிட மூத்தது. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689இல் உடல் தேய்வு நோய்கள் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். காய்ச்சலோ இருமலோ இல்லாமல் உருகிப்போன இருவரை அதில் விவரித்தார். ஒருத்தி 18 வயதுப் பெண். மருந்தை மறுத்தாள், மயங்கி விழுந்து இறந்தாள். மற்றவன் 16 வயதுப் பையன். படிப்பிலேயே மூழ்கிக் கிடந்த அவனைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிராமத்துக் காற்றில் இருக்கச் சொன்னார், பெருமளவு தேறினான். மார்ட்டன் இதை நரம்புத் தேய்வு என்றார். பசியைப் பெயரில் சேர்க்கவில்லை.

பசி பெயருக்குள் நுழைந்தது 1873இல். அந்த ஆண்டு பாரிஸில் மருத்துவர் சார்லஸ் லாசேக் 'ஹிஸ்டீரிய அனோரெக்ஸியா' என்று கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் லண்டனில் மருத்துவர் சர் வில்லியம் கல் தம் நோயாளிகளைப் பற்றிப் பேசினார். முன்பு, 1868இல், கல் இதை 'அபெப்ஸியா ஹிஸ்டீரிகா' என்றுதான் குறிப்பிட்டிருந்தார். அபெப்ஸியா என்றால் செரியாமை, ஏறத்தாழ நம் மந்தம். பிறகு கவனித்தார்: இவர்கள் உண்ட கொஞ்சமும் நன்றாகவே செரிக்கிறது. ஆகவே அபெப்ஸியாவை விட்டு அனோரெக்ஸியாவைப் பிடித்தார். ஹிஸ்டீரியா என்ற சொல்லின் வேர் கருப்பை. இந்த நோயோ ஆண்களுக்கும் வருகிறது. ஆகவே அதையும் விட்டு நெர்வோசா என்றார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கல் இப்படித் திருத்தியும், இது பெண்பிள்ளைகளின் நோய் என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை.

கல் எடுத்த சொல் கிரேக்கம். 'அன்' இன்மை, 'ஓரெக்ஸிஸ்' பசி அல்லது வேட்கை. பழைய கிரேக்க மருத்துவர்கள் எந்தக் காய்ச்சலிலும் பசி மங்கினால் அனோரெக்ஸியா என்றே எழுதினார்கள். புற்றுநோயிலும் காசநோயிலும் வரும் பசியின்மைக்கு இன்றும் அதே சொல்தான். மந்தமாகக் கிடக்கும் வயிற்றுக்கு அது பொருந்தும். ஆனால் உணவை மறுக்கும் இளையவர்களில் பெரும்பாலோருக்கு, நெடுநாள்வரை பசி எடுக்கவே செய்கிறது. அவர்கள் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். பிறருக்கு ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தாங்கள் தொடாமல் இருப்பதும், சமையல் காணொலிகளை மணிக்கணக்கில் பார்ப்பதும் பசி செத்தவர்கள் செய்கிற காரியமா?

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆய்வாளர் ஆன்சல் கீஸ், உடல்நலமுள்ள 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். உடல் எடையில் கால் பங்கு கரைந்தது. அவர்களுக்கு முன்பு உண்ணும் நோய் எதுவும் இல்லை. ஆனாலும் நாள் முழுக்க உணவையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், சோர்ந்தார்கள், ஆட்களை விட்டு ஒதுங்கினார்கள். காரணம் எதுவானாலும், பட்டினி தொடங்கிவிட்டால் அதுவே மனத்தை இறுக்கி நோயை வளர்க்கிறது.

ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. இரட்டையர் ஆய்வுகள் பரம்பரைக்குப் பெரும்பங்கு தருகின்றன. 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு எட்டு மரபணு இடங்களைக் குறித்தது. அவற்றின் தொடர்பு மனத்தோடு நிற்காமல் உடலின் வளர்சிதை மாற்றத்துக்கும் நீண்டது. அதன்மேல் எதிலும் பிசகு கூடாது என்ற சுபாவம், பதற்றம், தேர்வு நெருக்கடி, 'குண்டு' என்ற கேலி, கைபேசியில் ஓயாமல் வரும் ஒல்லி உடல்கள். விளைவுகளோ உச்சி முதல் பாதம்வரை. மாதவிலக்கு நிற்கும். எலும்பு கெட்டிப்படவேண்டிய வயதில் தேயும். நாடித்துடிப்பு குறையும், உடல் சில்லிடும், தோலில் மெல்லிய பூனைமயிர் முளைக்கும். இரைப்பை மெல்லவே காலியாவதால் இரண்டு வாயிலேயே வயிறு உப்பும். தொக்கம் என்று வீட்டார் சொல்லும் உணர்வு பொய்யல்ல. ஆனால் அது பட்டினியின் விளைவு. மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமானவற்றுள் இது ஒன்று.

மேற்கத்தியப் பெயர் கீழ்த்திசையில் அப்படியே ஒட்டவில்லை. 1990களில் ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ பார்த்த நோயாளிகளில் கணிசமானோர் பருமனுக்கு அஞ்சவில்லை. வயிறு உப்புகிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்கள். 1995இல் டி.என். சீனிவாசன், டி.ஆர். சுரேஷ் முதலியோர் சென்னையில் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தார்கள். பழைய பெயருக்குள் முழுமையாக அடங்காத, ஆனால் உண்பதைப் பற்றிய தவிப்பு நிறைந்த ஒரு நிலையைக் கண்டு, அதற்கு 'ஈட்டிங் டிஸ்ட்ரஸ் சிண்ட்ரோம்' என்று தனிப்பெயர் இட்டார்கள். உண்ணலில் தவிப்பு என்று தமிழில் சொல்லலாம். 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, மாதவிலக்கு நின்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. இலக்கணம் மாறியும் பெயர் மாறவில்லை.

நமக்கு இது வெறும் சொல் வழக்கு அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21), தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. மெலிந்து வெளுத்த பெண்ணைக் கண்டதும் சத்துக் குறைவு என்றே முதலில் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் இந்த நோய் எளிதில் மறைந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் சனிக்கும் பரவினாலும் பக்தி என்று விட்டுவிடுவார்கள். தமிழ் இங்கே ஒரு வேறுபாட்டை வைத்திருக்கிறது. நோன்புக்கு வேர் நோல், பொறுத்துக்கொள்ளல். நோய்க்கு வேர் நோ, வருந்தல். நோன்புக்கு முடிக்கும் நாள் உண்டு. நோய்க்கு இல்லை.

ஆகவே பசியின்மை என்பதை விட்டு, உண்ணாநோன்பை ஒட்டி உண்ணாநோய் என்று சொல்லிப் பார்க்கலாம். பசி உண்டா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. கிரேக்க வேரும் இதற்குச் சாதகம். ஓரெக்ஸிஸ் பிறந்த வினைக்குக் கை நீட்டுதல், எட்டுதல் என்று பொருள். பசிக்காதவனின் கை நீளாததில் வியப்பில்லை. பசித்தும் நீட்ட முடியாதவனைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

பெயர் மாறினால் கேள்வியும் மாறும். 'பசிக்குதா?' என்று கேட்டால் 'இல்லை' என்று ஒரு பதிலில் முடிந்துவிடும். அடுத்த நடை மருந்துக்கடை டானிக்குக்கு. 'சாப்பிட்டா என்ன ஆயிடும்னு பயமா இருக்கு?' என்று கேட்டால் பேச்சு தொடங்கலாம். மிகவும் மெலிந்தவர்களுக்குத் திடீரென நிறைய ஊட்டுவது ரத்தத்தில் பாஸ்பேட்டைச் சரியவைத்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே மருத்துவர் மேற்பார்வை வேண்டும். அதன்பின், லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை போல், பெற்றோர் பழிசுமத்தாமல் உணவு வேளையைத் தங்கள் பொறுப்பில் எடுப்பது இளையவர்கள் பலரை மீட்கிறது. மத்தூரிலிருந்து நெடுஞ்சாலை வழியே சில மணி நேரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. முதல் பேச்சுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை; அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலிமானஸின் எண் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.