திரைப்பாவையும் வரலாற்று மகளும்

வரலாற்றுத் திரைப்படம் இரு காலங்களைக் காட்டுவது. கதை நிகழும் காலம் ஒன்று. படம் எடுக்கப்பட்ட காலம் மற்றொன்று. இவ்வுண்மைக்கு 1946இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மேக்னிஃபிசென்ட் டால்’ தக்க சான்றாகும். ஃபிராங்க் போர்சேகி இயக்கிய இப்படத்திற்கு இர்விங் ஸ்டோன் திரைக்கதை எழுதினார். அமெரிக்காவின் நான்காம் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மாடிசனின் துணைவியார் டாலியாக ஜிஞ்சர் ரோஜர்ஸ் நடித்தார். ‘எழில்மிகு பாவை’ என்னும் பொருள்படும் தலைப்பே படத்தின் நோக்கைப் புலப்படுத்திவிடுகிறது.

மாடிசன், ஆரன் பர் என்னும் அரசியலார் இருவரிடையே நிற்கும் அழகியாகவே டாலியைப் படம் காட்டுகிறது. 1807இல் இராசத்துரோக வழக்கினின்று விடுதலையான பர்ரைக் கொல்லத் திரண்ட கூட்டத்தை அவர் பேசி அடக்குவது உச்சக்காட்சி. அது கற்பனையே. 1794இல் மாடிசனை டாலிக்கு அறிமுகப்படுத்தியவர் பர் என்பது மட்டும் மெய். இரு ஆடவரின் போட்டியாகச் சுருக்கினாலன்றி ஒரு பெண்ணின் அரசியல் வாழ்வு சுவைக்காது என்று திரையுலகம் கருதியது போலும்!

உண்மை வரலாறு இதனினும் செறிவுடையது. 1768இல் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார் டாலி. தந்தையார் 1783இல் தம் அடிமைகளை விடுவித்துப் பிலடெல்பியாவில் குடியேறினார். 1793இல் அந்நகரைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சல், கணவர் ஜான் டாடையும் கைக்குழந்தையையும் ஒரே நாளில் பறித்துக்கொண்டது. மறு ஆண்டே தம்மினும் 17 ஆண்டு மூத்த மாடிசனை மணந்தார். புறச்சமயத்தாரை மணந்தமைக்காகக் குவேக்கர் சபை அவரை விலக்கியது.

1809 முதல் 1817 வரை மாடிசன் ஆட்சி செய்தார். அக்காலத்தில் டாலி புதன்கிழமை மாலைதோறும் மாளிகையின் வரவேற்பறையைத் திறந்துவைத்தார். கூட்டாட்சிக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் பகைமறந்து அங்கே கூடினர். அவையில் பேசவியலாதவற்றை அங்கே பேசினர். பதவி நாடியோர் பரிந்துரை பெற்றனர். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் இடம்பெற்றது 1920இல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, வாக்கில்லாத ஒருவர் விருந்தோம்பலையே அரசியற் கருவியாக்கினார் என்பது எண்ணத்தக்கது.

1814 ஆகஸ்ட் 24 அன்று ஆங்கிலேயப் படை வாஷிங்டனைத் தீக்கிரையாக்கியது. ஜார்ஜ் வாஷிங்டனின் பெரிய ஓவியத்தைக் காக்குமாறு டாலி பணித்தார். அவரே அதனைச் சுமந்து சென்றதாக மக்கள் வழக்கில் கதை வளர்ந்தது. அன்று மாளிகையில் பதினைந்து வயது அடிமைச் சிறுவனாயிருந்த பால் ஜென்னிங்ஸ் 1865இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் இதனை மறுக்கிறார். வாயிற்காவலரும் தோட்டக்காரருமே அதனை இறக்கினர் என்கிறார். ஆணை தலைவியுடையது, கைகள் ஏவலருடையவை. புகழோ ஒருவர்க்கே சேர்ந்தது.

இன்னொரு முரணும் உண்டு. அடிமைகளை விடுவித்த தந்தையின் மகள், தாம் அடிமைகளை உடையவராகவே வாழ்ந்தார். 1836இல் மாடிசன் இறந்தபின் வறுமையுற்று, 1844இல் மான்ட்பெலியர் பண்ணையை விற்றார். பின்னர் ஜென்னிங்ஸையும் விற்றார். 1847இல் டேனியல் வெப்ஸ்டர் பணம் செலுத்தி மீட்க, அத்தொகையை உழைத்தே தீர்த்தார் ஜென்னிங்ஸ். முன்னாள் தலைவியின் வறுமை கண்டு தம் சிறு வருவாயிலிருந்து சிலபோது அவருக்குப் பணம் கொடுத்ததாகவும் எழுதியுள்ளார். 1849இல் டாலி மறைந்தார்.

டாலியின் பெருமையை மறுப்பது நம் நோக்கமன்று. அவர் அறிவும் துணிவும் போற்றற்குரியன. ஆயினும் அவரைப் பாவையாக்கிய திரையும், தனி வீராங்கனையாக்கிய வழக்கும் ஒரே பிழையையே செய்தன: அவரைச் சூழ்ந்திருந்த மாந்தரை மறைத்தன. பெண்ணின் வரலாற்றை மீட்டெழுதுவோர் அவருடைய வீட்டில் உழைத்தோரின் வரலாற்றையும் உடன் எழுதுதல் வேண்டும். அப்போதுதான் அவ்வரலாறு முழுமை பெறும்.