ஒரே நாற்காலிக்கு இரண்டு வழிகள்

1910 வரை இராமநாதபுரம் தனி மாவட்டமாக இல்லை. இராமநாதபுரம் ஜமீனான சேதுபதி சீமையின் பெரிய தாவாக்கள் மதுரைக் கோர்ட்டுக்குத்தான் போகும். அந்த ஜமீனின் சட்டக் காரியங்களைப் பார்த்துவந்தவரின் மகன் எஸ். சுப்பிரமணிய ஐயர், 1842-இல் மதுரையில் பிறந்தவர். எல்லோருக்கும் அவர் மணி ஐயர். அவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டியவர், 1832-இல் தஞ்சைச் சீமையில் பிறந்த தி. முத்துசாமி ஐயர். சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி அவர். 1895-இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் மணி ஐயர்.

முத்துசாமி ஐயர் ஏறியது உத்தியோகப் படி. கிராமக் கணக்கருக்கு ஒரு ரூபாய் மாதச் சம்பளத்தில் எடுபிடியாக இருந்த ஏழைச் சிறுவன், தரங்கம்பாடி முன்சீப், டெபுடி கலெக்டர், போலீஸ் மாஜிஸ்திரேட் என்று ஒவ்வொரு படியாக மேலே வந்தார். 1878-இல் அவர் நியமனத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் தாக்கின. அதற்குப் பதில் சொல்லவே ஆறு இளைஞர்கள் 'தி இந்து'வைத் தொடங்கினார்கள்.

மணி ஐயர் வந்தது கட்சிக்காரர்கள் வழியாக. 1869 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் மதுரை வக்கீல். அதற்கு முந்தைய ஆண்டுதான் இராமநாதபுரம் தத்து வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பு வந்திருந்தது. அந்த ஜமீனின் ராணி எடுத்த தத்து செல்லாது என்று வாதாடியது மதுரைக் கலெக்டர், தோற்றதும் அவர்தான். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாத்திர ஏட்டை விட வலியது என்ற விதி அந்தத் தீர்ப்பில் நிலைபெற்றது. சர்க்காரை எதிர்த்து வெல்ல முடியும் என்று ஒரு சீமையே கண்டுகொண்ட நேரம் அது. வெளியூர் வக்கீலுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு உண்டா?

இருவரும் தற்காலிகத் தலைமை நீதிபதிகளாக இருந்தார்கள்: முத்துசாமி ஐயர் 1893-இல், மணி ஐயர் மூன்று முறை. சட்ட அறிவில் யார் பெரியவர் என்று கேட்டால், நான் முத்துசாமி ஐயரையே சொல்வேன். ஆனால் பதவியிலேயே காலமான அவருக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று வாய்க்கவில்லை. 1907-இல் ஓய்வுபெற்ற மணி ஐயருக்கு அது வாய்த்தது. அவர் ஹோம் ரூல் இயக்கத்துக்கு வந்தார். 1917-இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு இந்தியர்களின் நிலையை எழுதினார். லண்டனில் அந்தக் கடிதத்தைக் கண்டித்துப் பேசினார்கள். எழுபத்தைந்து வயது தாண்டிய பழைய நீதிபதி, தம் 'சர்' பட்டத்தைத் துறந்தார்.