ஒரு நாள் குறைந்த தண்டனை

நான் சட்டம் படித்தவன் அல்ல. ஏ.எல். உடன் படிப்பு நின்றது. இங்கே ஸ்காபரோவில் ஒரு பக்ரறியில் மிசின் ஓட்டுகிறேன். போன வருடம் எங்கள் கட்டிடத்தில் இருக்கிற ஒரு அம்மாவின் மகனுக்கு வழக்கு. அம்மாவுக்கு மொழி விளங்காது என்று நான் துணைக்குப் போனேன். முதல் தவணையில், "குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆறு மாதத்தோடு முடியும்" என்றார் லோயர். வீட்டுக்கு வந்து, தண்டனை எப்படி எழுதப்படுகிறது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

ஊரில் எங்களுக்குத் தெரிந்த சட்டம் 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சி. அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அடி வாங்கியவன். பல குற்றங்களுக்கு ஐந்து வருடத்துக்குக் குறைத்துக் கொடுக்க நீதிபதிக்கு இடமில்லை. குற்றவாளியின் கதையை நீதிபதி கேட்பார் என்று எங்கட சனம் எப்படி நம்பும்?

கனடாவின் குற்றவியல் கோவை 1892 இல் வந்தது. ஆனால் என்ன நோக்கத்துக்காகத் தண்டிப்பது, எதை எதைக் கவனிப்பது என்பதை நூறு வருடத்துக்கு மேலாகப் பாராளுமன்றம் எழுதி வைக்கவில்லை. நீதிபதிகள் பழைய தீர்ப்புகளைப் பார்த்தே நடந்தார்கள். அலன் றொக் நீதி அமைச்சராக இருந்தபோது 1995 இல் நிறைவேறிய சி-41 சட்டமூலம், 1996 செப்ரெம்பர் 3 இல் நடைமுறைக்கு வந்தது. குற்றத்தின் பாரத்துக்கும் செய்தவரின் பொறுப்புக்கும் ஏற்றதாகத் தண்டனை இருக்க வேண்டும். இனம், மொழி, நிறம் பார்த்து வெறுப்பால் செய்த குற்றம் கூடுதல் பாரமானது. சிறைக்குப் பதிலாக வேறு வழி இருந்தால் அதைப் பார்க்க வேண்டும், பழங்குடி மக்களின் நிலையை விசேடமாகக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. 1999 இல் கிளடூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடைசி விதிக்கு உயிர் கொடுத்தது.

எங்களுக்கு முக்கியம் 2013 மார்ச்சில் தீர்ந்த பாம் வழக்கு. வியட்நாமில் இருந்து வந்தவர், குடியுரிமை எடுக்காதவர். இரண்டு பக்க லோயர்மாரும் சேர்ந்து இரண்டு வருடம் கேட்டார்கள், நீதிபதியும் கொடுத்தார். அந்த நாள் குடிவரவுச் சட்டப்படி இரண்டு வருடம் சிறை என்றால், நாடுகடத்தலுக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமை இல்லை. தண்டனை விதித்தபோது அதை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை! உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு நாளைக் குறைத்தது. குடிவரவு விளைவையும் நீதிபதி கவனிக்கலாம், ஆனால் குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனையாக அது போய்விடக்கூடாது என்றது.

மூன்று மாதம் சற்றுத்தான் தாண்டியிருந்தது. அதே ஜூனில் பாராளுமன்றம் அந்த இரண்டு வருடத்தை ஆறு மாதமாக வெட்டியது.

ஆறு மாதம்! இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. பெடியனிடம் இருந்தது நிரந்தர வதிவிட அட்டை மட்டும்தான். அடுத்த தவணைக்கு முதல் லோயரிடம் போய், "இவன் சிற்றிசன் இல்லை, தெரியுமோ?" என்று கேட்டேன். அவர் பைலைப் புரட்டினார். பிறகு அரச தரப்போடு கதைக்கப் போனார். ஐந்து மாதம் தீர்ப்பானது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார்: "ஒரு மாதம் குறைஞ்சதுக்கு ஏன் தம்பி இவ்வளவு சந்தோசப்படுறீர்?"

அவருக்கு பாமின் ஒரு நாள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கட தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டது.