சிவப்பா, மஞ்சளா? – ஒரு நெகிழித் துண்டின் வரலாறு



வரலாறு என்றால் அரசர்களும் போர்களும்தான் என்று நம் மாணவர்களுள் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு நெகிழித் துண்டின் வரலாறு தெரியாமல் போனதால் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் முழங்கால் வலியோடு வகுப்பறைக்குச் சென்று வந்த பிறகே என் எண்ணம் மாறியது.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மிதிவண்டி ஓட்டுவது என் வழக்கம். சாலைப் பந்தய மிதிவண்டிக்கென்றே செய்யப்பட்ட காலணிகளின் அடியில் மூன்று திருகாணிகளால் ஒரு துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அதனைக் 'கிளீட்' என்பார்கள். மிதியை அழுத்தினால் அது 'டக்' என்று பற்றிக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் விடுபடும். நடக்க நடக்கத் தேயக்கூடிய பொருள் இது. ஆகவே, அவ்வப்போது மாற்றியாக வேண்டும்.

என் பழைய கிளீட் மஞ்சள் நிறத்தது. ஷிமானோ நிறுவனத்தின் மிதிக்குரியது. அது தேய்ந்துபோனதும் ஒரு கடைக்குச் சென்றேன். விலை குறைவாக இருக்கட்டும் என்றேன். கடைக்காரர் சிவப்பு நிறக் கிளீட் ஒன்றை எடுத்து வைத்து, "சிவப்புதான் சார் முட்டிக்கு நல்லது, காலு நல்லா அசையும்" என்றார். மஞ்சளைவிட விலையும் குறைவு. பதினைந்து ரிங்கிட் மிச்சம் என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

மூன்றாவது வாரமே வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியது. நாற்பதைக் கடந்துவிட்டோம், இனி இப்படித்தான் என்று தேற்றிக்கொண்டேன். தைலம் தேய்த்தேன், இருக்கையை உயர்த்தினேன், தாழ்த்தினேன். வலி குறைந்தபாடில்லை. மிதிவண்டியை விற்றுவிடலாமா என்றுகூட எண்ணினேன். ஒருநாள் தேநீர்க் கடையில் உடன் ஓட்டும் மூத்தவர் ஒருவர் என் காலணியின் அடியைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சிவப்பு போட்டிருக்கீங்க? ஷிமானோவுல சிவப்பு அசையவே அசையாதே!" என்றார்.

அப்படியானால் கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் சொன்னதும் உண்மை. மூத்தவர் சொன்னதும் உண்மை. இரண்டும் எவ்வாறு உண்மையாகும்? அதற்கான விடையைத் தேடிச் சென்றபோதுதான் நூறாண்டுகளைத் தாண்டிய ஒரு கதை கிடைத்தது.

பாதத்தை மிதியோடு பிணைக்கும் ஆசை மிகப் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஓட்டுநர்கள் மிதியின் முன்புறம் இரும்புக் கூண்டு ஒன்றைப் பொருத்தி, அதனுள் பாதத்தை நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக் கட்டினர். 1895-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த சார்லஸ் ஹேன்சன் என்பவர், வாரே இல்லாமல் பாதத்தைத் திருப்பிப் பூட்டவும் விடுவிக்கவும் கூடிய மிதி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், அது பரவவில்லை. கூண்டும் வாருமே இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆட்சி செய்தன.

அக்காலத்துக் கிளீட் காலணியின் தோல் அடியில் ஆணியால் அறையப்பட்டது. அதிலிருந்த பள்ளம் மிதியின் விளிம்பில் பொருந்தும். தவறான இடத்தில் அறைந்துவிட்டால் காலணியே பாழ். ஆகவே, புதுக் காலணியைக் கிளீட் இல்லாமலே சில நாள் ஓட்டுவார்கள். தோலில் மிதியின் தடம் பதியும். அந்தத் தடத்தின்மீதே ஆணி அடிப்பார்கள். தன் பாதம் இயல்பாக எங்கே நிற்கிறது என்பதை அந்தத் தடத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார்கள். எவ்வளவு எளிய அறிவு!

இம்முறையில் ஓர் ஆபத்து இருந்தது. வாரைக் கையால் தளர்த்தினால்தான் கால் விடுபடும். விழும் நேரத்தில் குனிந்து வாரைத் தளர்த்த யாரால் முடியும்? 1971-இல் இத்தாலியின் சினோ சினெல்லி, எம்71 என்ற மிதியைக் கொண்டுவந்தார். இவர் 1943-ஆம் ஆண்டு மிலான் – சான் ரெமோ பந்தயத்தில் வென்றவர். இம்மிதியில் வார் இல்லை. கிளீட் மிதிக்குள் வழுக்கிச் சென்று பூட்டிக்கொள்ளும். ஆனால், விடுவிக்க மிதியிலுள்ள நெம்புகோலைக் கையால்தான் தள்ள வேண்டும். ஓட்டுநர்கள் இதற்குச் 'சாவுக் கிளீட்' என்றே பட்டப்பெயர் சூட்டினர்.

தீர்வு பனிமலையிலிருந்து வந்தது. பிரான்சின் நெவேர் நகரில் ஜான் பேய்ல் என்பவர் 1951-இல் தொடங்கிய லுக் நிறுவனம், பனிச்சறுக்குக் காலணிகளுக்கான பிணைப்புகளைச் செய்து வந்தது. சறுக்குபவர் விழும்போது கால் எலும்பு முறியாதபடி, பிணைப்பு தானாகவே விடுபட வேண்டும். இதே தத்துவம் மிதிக்கும் பொருந்தும் அல்லவா? 1984-இல் லுக் நிறுவனத்தின் மிதி வெளிவந்தது. முந்தைய ஆண்டுதான் பெர்னார் தாப்பி என்ற தொழிலதிபர் அந்நிறுவனத்தை வாங்கியிருந்தார். லா வீ கிளேர் பந்தயக் குழுவும் அவருடையதே. அக்குழுவின் பெர்னார் இனோ 1985-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் சென் எத்தியேன் நகரில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டும், இந்த மிதியோடு ஐந்தாவது முறையாக வாகை சூடினார். அடுத்த சில ஆண்டுகளில் பந்தயக் களத்திலிருந்து வார்கள் மறையத் தொடங்கின. அயர்லாந்தின் ஷான் கெல்லி போன்ற சிலர் மட்டும் பழைய வாரையே நெடுநாள் விடாமல் வைத்திருந்தனர்.

ஆனால், புதிய தீர்வு புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. தொடக்கக் காலக் கிளீட் பாதத்தைச் சிறிதும் அசைய விடவில்லை. நிமிடத்திற்கு 90 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 5,400 சுற்று. மூன்று மணி நேரத்தில் 16,200. நம் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது திரும்ப விரும்புகிறது. அதனைத் தடுத்தால் வலி மூட்டில் வந்து நிற்கும். 1987-இல் தோன்றிய டைம் என்ற பிரெஞ்சு நிறுவனம், குதிகால் பக்கவாட்டில் அசைய இடம் தரும் மிதியை விற்றது. லுக் நிறுவனமும் அசையும் கிளீட்டைக் கொண்டுவந்து, அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்தது. அசையாதது கறுப்பு. 2004-இல் வந்த அதன் கியோ வகையிலும் இதே வழக்கம் தொடர்கிறது: கறுப்பு 0 பாகை, சாம்பல் 4.5 பாகை, சிவப்பு 9 பாகை.

ஜப்பானின் ஷிமானோ, 1980-களின் இறுதியில் லுக் நிறுவனத்தின் உரிமம் பெற்று மிதி செய்தது. 2000-களின் தொடக்கத்தில் எஸ்பிடி-எஸ்எல் என்ற சொந்த வகையைச் சாலைப் பந்தயத்திற்கு அளித்தது. அதில் நிறங்களின் பொருளை வேறாக வைத்தது: சிவப்பு 0 பாகை, நீலம் 2 பாகை, மஞ்சள் 6 பாகை.

இப்போது புரிகிறதல்லவா? கடைக்காரர் லுக் நிறுவனத்தின் மொழியில் பேசினார். என் காலோ ஷிமானோ மொழியில் கேட்டது. ஒரே சிவப்பு, ஓரிடத்தில் முழு விடுதலை, மற்றோரிடத்தில் முழுச் சிறை.

இவ்வரலாற்றை அறிந்த பிறகு சிக்கனமாகக் கிளீட் வாங்குவது எளிதாகிவிட்டது. மூன்று துளைகள் கொண்ட காலணியின் அடியில் லுக், ஷிமானோ இரண்டுமே பொருந்தும். ஆகவே, காலணியைப் பார்த்து வாங்கக்கூடாது; மிதியைப் பார்த்தே வாங்க வேண்டும். லுக் வகையிலும்கூடப் பழைய டெல்டா கிளீட் கியோ மிதியில் சேராது. அடுத்து, நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். எத்தனை பாகை என்று கேளுங்கள்.

காப்புரிமைகள் பொதுவாக 20 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். இன்று வெல்கோ, எக்சுஸ்டார் போன்ற தைவான் நிறுவனங்களும் இவ்வகை மிதிகளுக்கு ஏற்ற கிளீட்டுகளைக் குறைந்த விலையில் விற்கின்றன. வகையும் பாகையும் சரியாக இருந்தால் அவற்றை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால், சாலையில் இறங்குமுன் சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்டியும் விடுவித்தும் பாருங்கள். பற்றியது விடவில்லை என்றால், சினெல்லியின் காலத்திற்கே திரும்பிவிட்டோம் என்று பொருள்.

தேய்ந்தாலன்றி மாற்றவும் வேண்டாம். ஷிமானோ கிளீட்டின் ஓரங்களிலுள்ள வண்ணப் பட்டைகள் தேய்ந்து மறைந்தால் நேரம் வந்துவிட்டது என்று அறியலாம். நடக்கும்போது ரப்பர் உறை மாட்டினால் இன்னும் நெடுநாள் வரும். பழையதைக் கழற்றுமுன் அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். புதியதை அக்கோட்டிற்குள்ளேயே வைத்து முடுக்குங்கள். தோலில் தடம் பார்த்து ஆணி அடித்தார்களே, அதே அறிவுதான்.

நான் மஞ்சளுக்குத் திரும்பினேன். சில வாரங்களில் வலி தணிந்தது. மிச்சம் பிடித்த பதினைந்து ரிங்கிட் தைலத்திற்கே போதவில்லை என்பது வேறு கதை. அந்தக் கடைக்குச் சென்று நிறங்களின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் கிளீட் பெட்டிகளின்மீது எத்தனை பாகை என்று எழுதி ஒட்டத் தொடங்கினார். சிவப்புக் கிளீட்டை மட்டும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வரலாறு எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவனிடம் காட்டுவதற்கு.

மீண்டும் சந்திப்போம்.