வேலியில் முளைத்த ரோஜா

ரோஜாப் பூங்கா என்றதும் நினைவுக்கு வருவது ஊட்டி. புதுச்சேரிக்காரர்களும் அதைப் பார்க்க மலையேறித்தான் போகிறோம். ஆனால் அந்தப் பூங்காவின் வம்சக்கதையில், ஒருகாலத்தில் நம் ஊர்க் கப்பல்கள் போய்வந்த தீவு ஒன்று இருக்கிறது.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை பூக்கும், அதோடு சரி. அரண்மனைத் தோட்டத்துக்கு அது போதும். ஊர் ஜனம் காசு கொடுத்து வரும் பூங்காவுக்கு? மற்ற மாதங்களில் முள்ளைப் பார்க்க யார் வருவார்கள்! அடுத்தடுத்துப் பூக்கும் குணம் சீன ரோஜாக்களிடம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவை கப்பலேறி மேற்கே போயின.

இன்றைய ரெயூனியன் அப்போது பூர்போன் தீவு. புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கே நிலத்துக்கு ரோஜாவையே வேலியாக நட்டார்கள்: ஒரு வரிசை சீன ரோஜா, பக்கத்தில் ஒரு வரிசை டமாஸ்க் ரோஜா. மகரந்தம் கலந்தது. எடுவார் பெரிஷோன் என்பவரின் வேலியில் இரண்டு சாதியிலும் சேராத செடி ஒன்று தென்பட்டது. 1817-ல் தீவுக்கு வந்த அரசுத் தாவரவியலாளர் ப்ரெயோன் அதன் அருமையைப் புரிந்துகொண்டு, பாரிஸை அடுத்த நெய்யி அரண்மனையின் தோட்டக்காரர் ஜாக்குக்கு விதை அனுப்பினார். பூர்போன் ரோஜாக்கள் அப்படித்தான் பிரான்சுக்குப் போயின. யாரும் திட்டமிட்டுச் செய்த கலப்பு அல்ல அது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அதே தீவுக்கு 1819-ல் கிளம்பிய கப்பல் பயணமொன்றில் செடி சேகரிக்கப் போனவர் பெரோத்தே. 1826-ல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவை வளர்த்தெடுத்தவர் இவர்தான். நீலகிரியிலும் அலைந்து செடிகள் சேகரித்தார். 1870-ல் புதுச்சேரியிலேயே இறந்தார். ரோஜாவில் அவருக்கு நாட்டம் இருந்ததோ என்னவோ, பட்டுப்புழுவுக்கான மல்பெரியில் நிறையவே இருந்தது. 1848-ல் ரெயூனியனில் அடிமைமுறை ஒழிந்தபின், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர்கள் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். எதிர்த்திசையில் பூர்போன் ரோஜா இந்தியாவுக்கு வந்தது. நம் மாலைகளில் உதிரிப்பூவாகச் சேரும் எட்வர்ட் ரோஸ் அந்தப் பூர்போன் குலம்தான். பெயர் வேலிக்காரர் எடுவாருடையது; இங்கிலாந்து ராஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரான்சில் கலப்பு மேல் கலப்பாகச் செய்து, 1867-ல் லியோனின் கியோ 'லா பிரான்ஸ்' ரோஜாவை வெளியிட்டார். ஹைப்ரிட் டீ என்ற ரோஜா வகையின் தொடக்கம் அது. மாதக்கணக்கில் பூக்கும் செடிகள் கைக்கு வந்தபின்தான் ரோஜாவுக்கென்றே தனித்தோட்டம் போடும் எண்ணம் சூடுபிடித்தது. பாரிஸ் அருகே லாய் கிராமத்தில் கிராவரோ என்ற வணிகர் 1890களில் போட்ட தோட்டத்தால் 1914-ல் ஊரின் பெயரிலேயே ரோஜா சேர்ந்தது. பாரிஸ் நகராட்சி தன் பகத்தேல் பூங்காவில் 1907-லேயே புது ரோஜாக்களுக்குப் போட்டி வைத்தது.

ஊட்டிக்கு அப்படியொரு ரோஜாத் தோட்டம் 1995-ல் வந்தது. நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக, விஜயநகரம் மலைச்சரிவில் சுமார் 4 ஹெக்டேரில், 1,919 ரகங்களோடு அடுக்கடுக்கான தளங்களில் பூங்கா அமைத்தார்கள். உலக ரோஜா சங்கக் கூட்டமைப்பின் விருது 2006-ல் கிடைத்தது. அங்கே வருடத் தொடக்கத்தில் செடிகளைக் கவாத்து செய்கிறார்கள்; ஏப்ரல், மே கூட்டத்துக்குப் பூ தயாராகிவிடும். சீசன் முடிந்ததும் மறுபடி கவாத்து, இரண்டாம் சீசனுக்காக.