மோட்டார் பந்தய விபத்துகளும் பாதுகாப்பு விதிகளும்

மோட்டார் பந்தயத்தில் இன்று நடப்பில் உள்ள பாதுகாப்பு விதிகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. இந்தியா அவற்றைப் பெரும்பாலும் வெளிநாட்டில் எழுதி முடித்த நிலையில் பெற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு வேரூன்றிய இடம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. விமானத்துக்காகப் போட்ட நேர்ப்பாதை வேகத்துக்கு வசதிதான். தடம் தவறும் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் எண்ணத்தில் அதை யாரும் அமைக்கவில்லை. 1990இல் அதே கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தளம் திறந்தது. வளைவுகள் 12, சுற்றளவு சுமார் 3.7 கி.மீ. வளைவுக்கு வெளியே காலி நிலம், தடுப்பு வேலி, உள்ளேயே மருத்துவ மையம் என எல்லாவற்றுக்கும் இங்கே இடம் ஒதுக்க முடிந்தது.

விதிகளை முதலில் உலுக்கியது பார்வையாளர்களின் சாவு. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லே மான்ஸ் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் கூட்டத்துக்குள் சிதறி 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுவிட்சர்லாந்து தளப் பந்தயத்தையே தடைசெய்தது. கூட்டத்துக்கும் தடத்துக்கும் இடையே தூரம் வேண்டும் என்ற பாடம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2024 ஏப்ரல் 21 அன்று இலங்கையின் தியத்தலாவையில் நடந்த ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் தடம் விலகிக் கூட்டத்தில் பாய்ந்து 7 பேர் இறந்தனர்; அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேரில் தேசிய ராலி நடந்த சாலையில் பைக்கில் வந்த ஒரு குடும்பத்தின் மூவர் பந்தயக் கார் மோதி இறந்தனர். சாலையை அடைத்துவிட்டோம் என்று அறிவிப்பது ஒன்று, ஒவ்வொரு ஊர்ப்பாதையின் முனையிலும் ஆள் நிற்பது வேறொன்று. 2024 ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் தெருப்பந்தயத்துக்குச் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் சான்று தாமதமானபோது, அது வராமல் கார் ஓடக்கூடாது என்பதில் உயர் நீதிமன்றம் உறுதியாக நின்றது. பலருக்கு எரிச்சல், ஆனால் தியத்தலாவை நடந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

ஓட்டுநர்களைக் காத்ததில் மருத்துவத்தின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. 1978இல் இத்தாலியின் மோன்சாவில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோனி பீட்டர்சன் காயமுற்றுக் கிடக்க, போலீஸ் வளையம் மருத்துவர் சிட் வாட்கின்ஸையே உள்ளே விடவில்லை. பீட்டர்சன் மறுநாள் இறந்தார். அதன்பிறகே முதல் சுற்றில் பந்தயக் கார்களுக்குப் பின்னால் மருத்துவக் கார் ஓடத் தொடங்கியது. 1994இல் இத்தாலியின் இமோலாவில் ஓட்டுநர்கள் ராட்ஸன்பெர்கரும் சென்னாவும் அடுத்தடுத்த நாள் மாண்டதும் எஞ்சின் திறனைக் குறைத்தார்கள், வளைவுகளைத் திருத்தினார்கள். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி 2003இல் ஃபார்முலா 1இல் கட்டாயமானது. 2014இல் ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கி மீட்பு வாகனத்தில் மோதி, மறு ஆண்டு இறந்தார். தலைக்கு மேலான ஹேலோ வளையம் 2018இல் வந்தது. அழகைக் கெடுக்கிறது என்று அதை ஏசியவர்கள், 2020இல் பஹ்ரைனில் ரொமேன் குரோஜான் தீக்குள்ளிருந்து எழுந்து வந்ததைக் கண்டு வாயடைத்தார்கள்.

இருங்காட்டுக்கோட்டை 2023இல் இரண்டு உயிர்களைப் பறிகொடுத்தது. ஜனவரி 8 அன்று மூத்த ஓட்டுநர் கே. இ. குமாரின் (59) கார் இன்னொரு காரோடு உரசி, தடுப்பு வேலியில் மோதிக் கவிழ்ந்தது. சிவப்புக்கொடி உடனே ஏறியது, சில நிமிடங்களில் அவரை வெளியே எடுத்தார்கள், தள மருத்துவ மையத்திலிருந்து மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். ஏட்டில் உள்ளபடி எல்லாம் நடந்தும் உயிர் தங்கவில்லை. ஆகஸ்ட் 5 அன்று புதுமுகங்களுக்கான தேசிய பைக் பந்தயத்தில் முதல் வளைவைக் கடக்கையில் விழுந்த 13 வயதுச் சிறுவன் தலைக்காயத்தால் இறந்தான். எஞ்சிய போட்டிகள் ரத்தாயின.

பைக்குக்குக் கூடு கிடையாது. நெருங்கிய கும்பலில் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்கு விலக நேரம் இருக்காது. காற்றுப்பை உடையும் நல்ல ஹெல்மெட்டும் அங்கே ஓரளவுக்குத்தான் உதவும். 2021இல் ஐரோப்பாவில் 14, 15, 19 வயது வீரர்கள் மூவர் இப்படித்தான் இறந்தனர். அதையடுத்துச் சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு உலகக் கிராண்ட் பிரீ பந்தயங்களுக்கான குறைந்தபட்ச வயதை 2023 முதல் 18 ஆக்கியது. இளையோர் பந்தயங்களின் வரம்பு அதற்குக் கீழேயே நின்றது. கும்பலாக ஓடி, கும்பலாக விழும் ஆபத்து மிகுந்த இடமும் அதுதான்.